வந்தியின் பங்கு

உழைப்பைப் பிறருக்குக் கொடுப்பது அறமா, அல்லது பின்னொரு நாள் திரும்பப் பெறுவதற்காகக் கொடுத்துவைக்கும் கடனா என்னும் வினா, கூடி வேலை செய்து வாழ்ந்த எல்லாச் சமூகங்களிலும் எழுந்துள்ளது. இலங்கையின் மொனராகலைப் பகுதியின் சேனைப் பயிர்ச்செய்கையில், அதாவது காட்டை வெட்டி எரித்து மழையை நம்பிக் குரக்கனும் சோளமும் விதைக்கும் முறையில், சிங்களக் குடியானவர் 'அத்தம்' என வழங்கும் வழக்கம் இரண்டாவது விடையையே தருகிறது. இன்று ஒருவர் நம் சேனையில் வந்து வேலை செய்தால், அவருடைய சேனையில் அதேயளவு வேலையை நாம் திருப்பிச் செய்ய வேண்டும். சேனைக்காரர் சோறு போடுவார், பணம் கைமாறாது, கணக்கு எழுதப்படாது, ஆயினும் யார் யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்பதை ஒருவரும் மறப்பதில்லை. நேர்மையான ஏற்பாடுதான், ஆனால் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத வீட்டை அது எட்டுவதில்லை.

திருவிளையாடற் புராணத்து வந்தியின் வீடு அத்தகையது. வையைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓராள் வர வேண்டும் எனப் பாண்டியன் ஆணையிட்டபோது, பிட்டு விற்றுப் பிழைத்த அம்மூதாட்டிக்கு அனுப்ப ஆளில்லை. பிட்டையே கூலியாகப் பெற்றுச் சிவபெருமான் மண் சுமந்தார். இறைவனின் எளிவந்த அருளுக்குச் சான்றாகச் சைவர் போற்றும் இக்கதை, தன் பங்கைச் செலுத்த இயலாதவரின் பங்கை யார் சுமப்பது என்று ஊரையும் கேட்கிறது. கூட்டுழைப்பின் அறத்தை அளக்க இதைவிடச் சரியான கோல் இல்லை.

அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள், 1693 அளவில் யாக்கோப் அம்மான் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்த கிறித்தவ சபையினர், இக்கேள்விக்குத் தம் வாழ்க்கைமுறையால் விடையளிக்கின்றனர். ஒருவரின் தொழுவமும் களஞ்சியமும் தீக்கிரையானால் அயலார் திரண்டு, தலைமைத் தச்சர் குரல் கொடுக்க, மரச்சட்டங்களை நீண்ட கழிகளால் உந்தி நிமிர்த்துகின்றனர். வணிகக் காப்புறுதியை நாடுவது இறைவனிலும் சபையிலும் வைத்த நம்பிக்கையைக் குறைக்கும் என்பது அவர்களின் மரபான எண்ணம். அங்கே கைம்பெண்ணுக்கும் களஞ்சியம் எழும். முன்பு எத்தனை நாள் உழைத்தார் என்று எவரும் கேட்பதில்லை.

ஆயினும் கொடை கொடையாக இருக்க, மறுக்கும் உரிமையும் வேண்டும். இலங்கையில் மன்னருக்குச் செய்த கட்டாய ஊழியமாகிய இராஜகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டபின், 1848இன் வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை அல்லது மூன்று சிலிங் எனக் கட்டாயத்தை மீண்டும் கொண்டுவந்தது. 1958இல் நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன மாணவருடன் கனத்தொலுவ கிராமத்துக்குச் சென்று தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கம், பௌத்தம் கூறும் தானத்தை உடலுழைப்பாக்கி, அந்தக் கட்டாயத்தின் நிழலிலிருந்து கூட்டுவேலையை மீட்டது.

ஊவாவின் தோட்டத் தமிழருக்கு இத்தகைய கொடைக்குக்கூட இடமின்றிப் போயிற்று. அவர்களின் நாள், செக்றோல் என்னும் வருகைப் பதிவேட்டில் விழும் 'பேர்', அதாவது ஒரு நாள் கூலிக்கான பதிவு, என்ற அளவில் தோட்டத்துக்கு உரியது; லயம் எனப்படும் வரிசை வீட்டின் காம்பராவோ கம்பனிக்கு உரியது. அயலானுக்கு வீடு எழுப்பித் தர, அயலானுக்கு நிலமே இல்லை. எனவே அவர்களின் கூட்டுழைப்பு மாரியம்மன் கோயிலில் சென்று சேர்ந்தது: ஓய்வு நாளில் ஆற்று மணல் தாச்சி தாச்சியாகக் கைமாறி மேடேறியது, கொழுந்துக் கூடை சுமந்த தோள்களே கல்லும் சுமந்தன. உழவாரம் ஏந்திய அப்பரின் பணியை ஒத்த இதனைச் சைவ சித்தாந்தம் சரியை, உடலால் செய்யும் தொண்டு, என்கிறது. நான்கு நெறிகளில் அதை முதற்படி என்பதோடு நிறுத்திவிடுவோர், தனக்கென ஒரு நாளும் இல்லாதவர் அளித்த நாளின் பெறுமதியை உணராதவர்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தபின், பாதுகாப்பான நிலத்தில் தனி வீடு என்னும் கோரிக்கை வலுத்தது; மலையகத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டும் திட்டங்களும் நடந்தன. அவ்வீடுகளுக்குப் பாதை போடுவதும் நீர் கொண்டுவருவதும் அரசின் கடமைகள்; அவற்றைச் சிரமதானம் எனப் பெயரிட்டுத் தொழிலாளர் தோளில் ஏற்றுவது வேறு பெயரில் வந்த இராஜகாரியமே. காணி உறுதி கைக்கு வந்த இடத்திலோ, தனித்து நிற்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு அயலார் அத்திவாரம் வெட்டுவது யாரும் கேட்டு வாங்காத, எவரும் திருப்பிக் கேட்காத கொடையாகலாம்.