ஊர் மேடையும் இளைஞரும்

இளைஞர்கள் திரைப்பாடல்களிலும் கைபேசியிலும் மூழ்கிவிட்டார்கள் என்று பெரியவர்கள் வருந்தாத நாளில்லை. வருத்தம் நியாயமானதே. எனினும், தாமே ஒன்றைப் படைத்து மகிழ்வதற்கு அந்த இளைஞர்களுக்கு என்ன இடம் தரப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

அஸ்ஸாமில் ஸ்ரீமந்த சங்கரதேவர் (1449–1568) பக்தி நூல்களை இயற்றியதோடு நிற்கவில்லை. காளிய தமனம், ருக்மிணி ஹரணம், பாரிஜாத ஹரணம் முதலிய நாடகங்களையும் எழுதினார். பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த அவை 'பாவனா' என்ற பெயரில் இன்றும் ஊர்தோறும் நடிக்கப்படுகின்றன. மேடை, இறைநாமம் பாடும் பொதுக்கூடமாகிய 'நாமகர்'. ஊர் விவகாரங்களைப் பேசித் தீர்ப்பதும் அங்கேதான். கிராமங்களில் நடிப்பவர்களோ பெரும்பாலும் அவ்வூர் உழவர்களும் மாணவர்களுமே.

இராவணனாக வேடமேற்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். பல மாலைகள் ஒத்திகைக்குப் போகின்றன. வசனம் மறக்கிறது, 'கோல்' எனும் மத்தளத்தின் தாளத்துக்குக் கால் இசைய மறுக்கிறது, வயதில் மூத்தவர் திருத்துகிறார். அவனுடைய முகமூடிக்காக மூங்கிலைக் கீறிச் சட்டம் பின்ன வேண்டும். அதன்மேல் களிமண் தோய்த்த துணியைப் போர்த்தி, சாணமும் மண்ணும் பூசி உலர்த்த வேண்டும். (இக்கலைக்குப் பெயர்பெற்ற மாஜுலி தீவின் முகமூடிகள் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றன.) இறுதியில், தன்னைக் குழந்தைப் பருவம் முதல் அறிந்தவர்கள் முன்னிலையில் அவன் நிற்கிறான். தான் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவனே பொறுப்பு. யாரோ எடுத்த காட்சியை விரலால் தள்ளி மற்றவருக்கு அனுப்புபவனுக்கு இந்தப் பொறுப்பு நேர்வதில்லை. நல்லது எது, மலினமானது எது என்ற விவேகம் அறிவுரையால் வருவதைவிட, இப்படிப் பலர் முன் நிற்கும் கூச்சத்தால்தான் விரைவாக வருகிறது.

இளைஞர் கையில் கொடுத்தால் மரபைக் கெடுத்துவிடுவார்களே என்ற அச்சம் எழலாம். மாற்றத்தான் செய்வார்கள். சங்கரதேவர் கையாண்ட விரஜாவளி, வீட்டில் எவரும் பேசாத இலக்கிய மொழி. இன்று பல ஊர்களில் பாவனா பேச்சு அஸ்ஸாமியிலேயே நடைபெறுகிறது. 1963-இல் பாடசாலா என்ற ஊரில் அச்சுத லஹ்கர் தொடங்கிய நடமாடும் நாடகக் குழு, மேடையையும் விளக்குகளையும் வண்டியேற்றி ஊர் ஊராகச் சென்றது. அவ்வழியில் பிறகு வந்த குழுக்கள் டைட்டானிக் கப்பல் மூழ்குவதைக்கூட மேடையில் காட்டின. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால், கற்றோர்க்கு மட்டுமே உரிய சமஸ்கிருதத்தோடு நில்லாமல் பாமரர் செவிக்கு எட்டும் மொழியில் நாடகம் வகுத்த சங்கரதேவரும் தம் காலத்தில் புதுமை செய்தவரே.

அப்படியானால் பெரியவர்களுக்கு வேலை இல்லையா? உண்டு. கூடத்தைத் திறந்துவிடுவது, கதையின் உட்பொருளைக் கேட்டால் சொல்வது, முதல் ஆண்டு நாடகம் சுமாராக இருந்தாலும் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பது. மூன்றாவதுதான் கடினம். அஸ்ஸாம் கிராமத்துப் பாட்டிமார் விடியும் வரை விழித்திருந்து அதைச் செய்துவருகிறார்கள்.