நம்ப மறுத்த தங்கம்

பிரமிடு என்றாலே எகிப்துதான் நினைவுக்கு வரும். எண்ணிக்கையில் அதை மிஞ்சிய நாடு அதன் தெற்கே உள்ள சூடான். அங்கே குஷ் நாட்டு அரசர்களும் அரசிகளும் அல் குர்ரு, நூரி, மெரோவே என இடுகாட்டை மாற்றிக்கொண்டே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிரமிடு எழுப்பினார்கள்.

மெரோவேயில் உள்ளவை ஒடுங்கியவை, செங்குத்தானவை. கல்லறை பிரமிடின் வயிற்றில் இல்லை. அடியில், பாறையைக் குடைந்த அறையில் இருக்கிறது. கிழக்கே படிக்கட்டு இறங்கும். கற்களை மேலேற்ற நம் ஊர் ஏற்றம் போன்ற ஒரு பொறியையே பயன்படுத்தினார்கள் என்று ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃபிரெட்ரிக் ஹிங்கல் விளக்கினார்.

1834-ல் இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே ஃபெர்லினி புதையல் தேடி வந்தார். அரசி அமானிஷகேத்தோவின் பிரமிடை உச்சியிலிருந்து இடித்துக்கொண்டே இறங்கினார். நகைகள் கிடைத்தன: இறக்கை விரித்த தெய்வங்கள் பதித்த வளையல்கள், ஆட்டுத்தலை கொண்ட அமூன் தெய்வத்தின் முகம் புடைத்து நிற்கும் கேடய வடிவத் தங்க ஆபரணங்கள்.

ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால் வாங்க ஆள் இல்லை. கறுப்பின ஆப்பிரிக்கர்களுக்கு இவ்வளவு நுணுக்கமான பொற்கொல்லர் வேலை வராது, இது போலி என்று சந்தேகித்தார்கள். ஒரு பகுதியைப் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் வாங்கினார்; மீதி பெர்லினுக்குப் போனது.

இன்று நகைகள் மியூனிக்கிலும் பெர்லினிலும் காட்சிப் பேழைகளில் இருக்கின்றன. தலை போன அந்தப் பிரமிடு மெரோவேயில் நிற்கிறது. 2011-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.