உட்புறம் பற்றிய சாட்சியம்

பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி எந்த உரிமையில் பேசுகிறோம்? இரண்டு வரிகளை வைத்துக்கொண்டு கவிஞனின் அந்தரங்கத்துக்கே தீர்ப்பு எழுதும் விமர்சனங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இக்கேள்வி எழுகிறது. இதை யோசிக்க இலக்கியத்தைவிடச் சூரியன் வசதியான உதாரணம்.

சூரியனின் உட்புறத்தை யாரும் பார்த்ததில்லை. மையத்தில் பிறக்கும் ஒளி மேற்பரப்பை எட்டப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் பிறந்த இடத்தின் அடையாளம் அழிந்துபோகிறது. ஒலிக்கு அந்தத் தூரம் சுமார் ஒரு மணி நேரம். வெற்றிடம் குறுக்கிடுவதால் அது நம் காதுக்கு எட்டாது. மேற்பரப்பு ஏறி இறங்குவதை நிறமாலைக் கோடுகளின் நகர்வில் காண்கிறார்கள். 1960இல் மவுண்ட் வில்சனில் லைட்டன் கண்டது, ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கொருமுறை வரும் இந்த அசைவைத்தான். உள்ளே சிறைப்பட்ட ஒலியே இது என்று 1970இல் உல்ரிச் சொன்னார். 1975இல் டாய்ப்னரின் அவதானிப்பு அதை உறுதிசெய்தது. சில அலைகள் மேலோட்டமாகவே திரும்பிவிடுகின்றன. சில ஆழம்வரை போய் வருகின்றன. இவற்றின் வித்தியாசத்திலிருந்துதான் இடைப்பட்ட அடுக்கை அறிகிறார்கள். தனி அசைவு ஒன்று எதையும் நிரூபிப்பதில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்கிறோம். தெரியும்தான், ஒரு பார்வையில் அல்ல.

இதில் நியாயப் பிரச்னையும் இருக்கிறது. 1968இலிருந்து, அமெரிக்கச் சுரங்கம் ஒன்றின் அடியில் டேவிஸுக்குக் கிடைத்த நியூட்ரினோக்கள் கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். சூரியனைப் பற்றிய கணக்கே தவறு என்று பலர் சந்தேகித்தார்கள். வங்கியில் கேஷ் டாலியாகாத மாலைகளிலும் சந்தேகம் முதலில் எதிரில் இல்லாதவன்மேல்தான் விழுகிறது. ஒலி வேறு சாட்சியம் சொன்னது. உள்ளே அதன் வேகம், பெரும்பாலும் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில், கணக்கோடு பொருந்தியது. நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறியிருந்தன என்று 2001-02இல் கனடாவின் ஸட்பரி ஆய்வகம் காட்டியதும் வழக்கு முடிந்தது.

ஆனால் இந்தச் சாட்சிக்கும் எல்லை உண்டு. மையத்தைத் தொடும் அலைகள் சொற்பம். அங்கே அவை தங்கும் நேரமும் குறைவு. நடுக்கரு எப்படிச் சுழல்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. சுழற்சி வரைபடங்களில் அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பாமலே விடுகிறார்கள்.

உட்புறத்தைப் பற்றிப் பேசவே கூடாது, பிரதி மட்டுமே உண்டு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேசலாம். ஒருவனின் எழுத்து முழுவதையும், ஒன்றுக்கொன்று முரண்படும் வரிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த பிறகு பேசலாம். அப்போதும் நடுவில் ஓர் இடத்தை நிரப்பாமல் விடும் நேர்மை வேண்டும். அது இல்லாத விமர்சனம் எழுதியவனை விசாரிக்காமலே தண்டிக்கிறது.