அறிந்து தரும் இசைவு

கெடா மாநிலத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தலைமுறை, நோயுற்ற காலத்தில் தோட்ட மருத்துவமனை டிரஸர் தந்ததை வாய்திறவாது விழுங்கியது. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என அது எண்ணியது. சுங்கைப்பட்டாணியிலும் அலோர்ஸ்டாரிலும் வாழும் அதன் பேரப்பிள்ளைகளை இன்று லேசர் கொழுப்பு நீக்கச் சிகிச்சையின் விளம்பரங்கள் அழைக்கின்றன. பழைய வாய்ப்பூட்டு மட்டும் கழன்றபாடில்லை. படித்தறியாத தாளில் இடும் ஒப்பம் இசைவாகுமா?

இச்சிகிச்சையில் தோலில் சிறு துளையிட்டு மெல்லிய ஒளியிழை செலுத்தப்படுகிறது. லேசர் வெப்பம் கொழுப்பணுக்களைச் சிதைக்க, அவை குழாய்வழி உறிஞ்சப்படுகின்றன. இது உடல் எடையைக் குறைக்கும் வழியன்று. சிற்சில இடங்களின் வடிவைத் திருத்துவதே. உணவு மிகுந்தால் எஞ்சிய அணுக்கள் மீண்டும் பருக்கும். தீப்புண், சீழ், மேடுபள்ளமான தோல், இரத்தக்கட்டி, மரப்பு மருந்தின் மிகுதியால் வரும் கேடு ஆகியனவும் நேரக்கூடும்.

நோய் தீர்க்கும் அறுவையைத் தாழ்த்தினால் உயிர் போகலாம். நலமான உடலில் செய்யும் அறுவையைத் தாழ்த்துவதால் இழப்பு ஏதுமில்லை. ஆகவே சொல்லும் கடமையும் கேட்கும் கடமையும் இங்கே இருமடங்காகின்றன. இடர்களை எந்த அளவு சொல்வது என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டுமே முடிவு செய்யாது என, 2006-ஆம் ஆண்டின் இறுதியில், கழுத்துத் தண்டெலும்பு அறுவை பற்றிய வழக்கொன்றில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிய வள்ளுவர் நோயாளியையே முதலில் வைத்தார். செய்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவுபெற்று இத்துறையில் பயின்றவரா, இடம் உரிமம் பெற்றதா, கேடு நேர்ந்தால் காப்பவர் யார் என வினவுதல் அவமதிப்பன்று, அறமே. அவ்வாறு வினவப் பழக்குவது வகுப்பறையின் பணி. அறியாது தரும் இசைவு, பணிவுபோலத் தோன்றும் அடிமைத்தனமே ஆகும்.