கடைமடைக்கு வரும் குரல்

எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் யாருடையது என்று சின்ன வயதில் என்னைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் அப்பாவுடையது என்று சொல்லியிருப்பேன். வானொலி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றிருந்த காலம் அது. தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிய அந்தச் சிறிய புத்தகத்தில் அப்பாவின் பெயர்தான் இருந்தது. எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். இன்று நாகப்பட்டினம் மாவட்டம், அன்று தஞ்சாவூர் மாவட்டம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. காலைச் செய்தி முடிந்ததும் அப்பா பெட்டியை அணைத்து, தோலுறையின் பொத்தானையும் போட்டுவிட்டுத்தான் வயலுக்குக் கிளம்புவார். பேட்டரி வீணாகக் கூடாது. அவர் தெருமுனையில் மறைந்ததும் அம்மா பொத்தானைக் கழற்றுவார்.

இந்தக் காட்சியை நினைத்துச் சிரிப்பதுண்டு. இப்போது அதே காட்சி என்னைச் சங்கடப்படுத்துகிறது. நாடெங்கும் மத்திய அலை ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. உள்ளூர் நிகழ்ச்சிகளின் நேரம் சுருங்கி, தலைநகரில் தயாராவதை அஞ்சல் செய்யும் இடங்களாகப் பல நிலையங்கள் மாறி வருகின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் “நம்ம ரேடியோ போச்சே” என்று மனம் அடித்துக்கொள்கிறது. நம்ம ரேடியோவா? எப்போது அது நம்முடையதாக இருந்தது? நமக்கு உரிமையில்லாத ஒன்றை இழந்ததாகச் சொல்லிக்கொள்ள நமக்கு நியாயம் உண்டா?

முதலில் உடைமைக் கணக்கைப் பார்த்துவிடலாம். திருச்சி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது, வெள்ளைக்காரன் ஆட்சியில். பிறகு இந்திய அரசின் துறை. 1990-இல் நிறைவேறிய சட்டம் 1997-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரசார் பாரதியின் சொத்து. இதற்கு நடுவே, 1995-இல் உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. சில ஆண்டுகளிலேயே அந்தப் பொதுச்சொத்தின் பண்பலைப் பகுதி ஏலத்துக்கு வந்தது. தனியார் நிலையங்கள் பாட்டுப் போடலாம், விளம்பரம் போடலாம். சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. மத்திய அலை மட்டும் கடைசிவரை அரசின் கையிலேயே இருந்தது. அமெரிக்காவில் வேறு கதை: அங்கே சிற்றூர்களின் ஏ.எம். நிலையங்களைத் தனியார் நடத்தினார்கள், 1996-இல் வந்த சட்டம் உச்சவரம்பைத் தளர்த்தியதும் பெருநிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தன. விற்றவரும் வாங்கியவரும் யாரானாலும், அடுப்படியில் நின்று கேட்டவளின் சம்மதம் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

ஆனால் அவளைத் தேடித்தான் அந்தக் குரல் வந்தது என்றும் சொல்ல முடியாது. எங்கள் பகுதியின் வானொலிப் பெருமைகளில் முதலாவது ஏ.டி.டி. 27. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-களின் நடுவில் வெளியிட்ட குறுகிய கால ரகம். குறுவைக்கு ஏற்றது, சுமார் 105 நாளில் அறுத்துவிடலாம். தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் தஞ்சாவூர். திருச்சி வானொலி இந்த ரகத்தைப் பற்றி நாள் தவறாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வானொலி நிலையத்தின் பெயரில் நெல் விளைந்த ஊர் உலகில் வேறெங்காவது இருக்குமா என்று அப்பா பெருமையாகக் கேட்பார்.

நாற்று நட்டது யார் என்று அவர் கேட்டதில்லை. நிகழ்ச்சியின் பெயரையே பாருங்கள்: பண்ணை இல்ல ஒலிபரப்பு. பண்ணை ஒரு பக்கம், இல்லம் ஒரு பக்கம். உரம், பூச்சிமருந்து, விதைநேர்த்தி, கடன் எல்லாம் ‘விவசாயப் பெருமக்களுக்கு’. சத்துணவும் குழந்தை வளர்ப்பும் ஊறுகாயும் பெண்களுக்கு. நாற்றுப் பறித்து, முடி கட்டி, நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. வானொலியின் வரைபடத்தில் அவர்கள் இல்லத்தில் இருந்தார்கள். குறுவையும் தாளடியும் என்று இருபோகமாக ஆனபோது வேலை நாட்கள் கூடின. கூலி தானாகக் கூடிவிடவில்லை. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், எல்லோரும் தலித்துகள். ரேடியோ நெல்லின் காலமும் அதுவேதான். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் ‘அந்தக் காலத்து வானொலி’ என்று கண் கலங்குவது எனக்கு இப்போது முடிவதில்லை.

இருந்தாலும் கேட்டார்களே. அதைத்தான் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

நடவு நாட்களில் அப்பா பெட்டியை வரப்பு மேட்டில் பூவரச மரத்தடியில் வைப்பார். தனக்காகத்தான். சேற்றில் குனிந்திருந்த பெண்களுக்கும் அது கேட்கும். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டில் நெல் அவிக்கவும் வருவார். எட்டு வயதுப் பெண்ணான நான் அந்த நாற்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னைப் ‘பாப்பா’ என்பார். (இதை எழுதும்போது கை கூசுகிறது. அவர் பெயரை இங்கேயும் எழுதாமல் விடுகிறேன், வேறு காரணத்துக்காக.) ஒரு நாள் அவர் திண்ணையோரம் நின்று ஏதோ நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான், “இது எங்க ரேடியோ” என்றேன். குழந்தைத் திமிர். அவர் கோபப்படவில்லை. “பொட்டி ஒங்களுதுதான் பாப்பா. காது என்னுதுல்ல?” என்றார்.

உடைமையைப் பற்றி எவ்வளவோ படித்த பிறகும் எனக்கு அந்தப் பதில்தான் முன்னால் வந்து நிற்கிறது. கேட்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம். கைவேலையை நிறுத்த வேண்டாம். கோயிலுக்குள் வராதே என்றவர்களால், குரல் வரப்பைத் தாண்டாமல் தடுக்க முடியவில்லை. இன்னொன்றும் நடந்தது. பெண்கள் பேசினால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகும் ஆண்கள், டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தபோது வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள். இலங்கை வானொலி எங்களுக்குச் சில இரவுகளில் திருச்சியை விடத் தெளிவாகக் கேட்கும். கடல் நீரின் மேல் மத்திய அலை அதிகம் தேயாமல் வரும். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலுக்காக அம்மா இட்லிக்கு அரைப்பதைத் தள்ளிப்போட்டதுண்டு. ஒரு பெண் உலகத்தைப் பார்த்துப் பேசலாம், அதை எல்லோரும் கேட்பார்கள் என்பதை எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெட்டிதான். அதை நடத்திய அரசுக்கு அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆக, தனக்காக உண்டாக்கப்படாத ஒன்றை ஒருத்தி தன் பயன்பாட்டால் தனதாக்கிக்கொண்டால், அதற்குப் பெயர் என்ன? திருட்டா? தயவா? நம் மண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 1952-இல் தஞ்சாவூருக்கென்றே வந்த குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், பட்டா இல்லாதவருக்கும் நிலத்தில் ஒரு நிலை உண்டு என்றது. மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் துரத்த முடியாது. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், அடுத்தவர் மனையில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்கு அந்த இடத்தையே உரிமையாக்கியது. இந்தச் சட்டங்கள் எந்த அளவுக்குச் செயலுக்கு வந்தன என்பது தனிக் கதை. ஆனால் அவற்றின் அடியில் இருந்த நினைப்பு எளியது: நீ அதை வைத்து வாழ்ந்திருக்கிறாய், ஆகவே உன்னைக் கேட்காமல் எடுக்க முடியாது. தண்ணீரிலும் இதுதான் நியாயம். மதகு கடைமடைக்காரரின் கையில் இல்லை. அதனால் அவருக்குத் தண்ணீரில் பங்கில்லை என்று ஆகிவிடாது.

வானொலியைக் கேட்டவளுக்கும் அந்த அளவு உரிமை உண்டென்றே நினைக்கிறேன். நிலையத்தை அவள் பெயருக்கு எழுதித் தர வேண்டாம். மூடுவதற்கு முன் கணக்கில் அவளைச் சேர்க்க வேண்டும். மத்திய அலை ஒலிபரப்பி பெரிய இடத்தை அடைக்கும், மின்சாரத்தைக் குடிக்கும், பழையதானால் உதிரிபாகம் கிடைக்காது, உண்மைதான். பண்பலை மலிவு, துல்லியம். ஆனால் பண்பலை பார்வைத் தொலைவுக்குத்தான் போகும்; மத்திய அலை தரையோடு தவழ்ந்து, எங்கள் ஈரமான சமவெளியில் கோடியக்கரை வரை போகும். இந்த வித்தியாசத்தைச் செலவுக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். சென்ற ஆண்டு எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்த ஓர் இளம்பெண்ணிடம் இந்தப் புலம்பலையெல்லாம் ஆரம்பித்தேன். இடுப்பில் செருகிய கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “எனக்குப் புடிச்சத நானே போட்டுக்குறேங்க்கா. யாரு வச்சத கேக்கணும்?” என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் மறுக்க முடியாதது. பொத்தான் அவர் கையில் இருக்கிறது. என் அம்மாவின் கையில் அது இருந்ததில்லை. மீதிப் பாதியைத்தான் நான் அவரிடம் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்தக் கைப்பேசி அவருக்குப் பிடித்ததைப் போடுகிறது. அவர் ஊரைப் பார்த்துப் பேசுவதில்லை. குறுவைக்குத் தண்ணீர் வருமா, கடலுக்குப் போகலாமா என்பதை அவரும் பக்கத்து வரப்பில் நிற்பவரும் ஒரே நேரத்தில் கேட்கும்படி சொல்வதில்லை.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. மின்கம்பங்கள் விழுந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் செத்தன, தென்னைகள் பாதையெங்கும் கிடந்தன. எங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அம்மா பரணிலிருந்து பழைய பெட்டியை எடுக்கச் சொன்னார். இரண்டு பேட்டரிகளை எங்கெங்கோ தேடி வாங்கிவந்தேன். அன்று மாலை, தெற்குத் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் பெண்கள் எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். இந்த முறை யாரும் ஓரமாக நிற்கவில்லை. அம்மா நகர்ந்து இடம் விட்டார். நின்று கேட்டவரின் பேத்தியும் வந்திருந்தார். நிவாரண முகாம், சாலை, மின்சாரம், அடுத்த மழை என்று நடுநடுவே இரைச்சலோடு வந்த செய்தியை எல்லோரும் சத்தமில்லாமல் கேட்டோம்.

அம்மாவுக்கு இப்போது வயது எண்பத்து மூன்று. எல்.இ.டி. பல்பு எரிந்தால் மத்திய அலையில் கொரகொரவென்று இரைச்சல் வரும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஜூன் மாதம் நான் ஊருக்குப் போயிருந்த அன்று சாயங்காலம் முள்ளைத் திருகிக்கொண்டே, “அந்த லைட்ட அணச்சுட்டு வா. மேட்டூர் தண்ணி எவ்வளவுன்னு சொல்லப்போறான்” என்றார். அணைத்துவிட்டு வந்து இருட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.