கத்தரியும் கைவிரலும் அறிந்த உனக்கா கேம் செய்ய வராது?

தம்பி, தங்கச்சி! ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ராத்திரி முழுக்கப் போனில் சுட்டுத் தள்ளுகிற உன்னிடம்தான் கேட்கிறேன். இன்னொருவன் செய்த துப்பாக்கியை இன்னும் எத்தனை காலம் சுடுவாய்? நீயே ஒரு கேம் செய்தால் என்ன?

"அதெல்லாம் கொழும்பில் படித்தவர்களுக்கு. லயத்துப் பிள்ளைக்கு எங்கே வரும்?" என்று முனகாதே. கேம் செய்வதில் பெரிய வித்தையே ஆயுதங்களையும் கருவிகளையும் சமன் செய்வதுதான். எல்லாவற்றிலும் சிறந்த ஆயுதம் ஒன்று இருந்துவிட்டால் எல்லோரும் அதையே தூக்குவார்கள், கேம் செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு பலத்துக்கும் ஒரு விலை வேண்டும். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற கேமில் ஏடபிள்யூபி துப்பாக்கி நெஞ்சில் பட்டால் ஒரே குண்டில் ஆள் காலி. அதனால்தான் கேமுக்குள் அதன் விலை 4750 டாலர். கையில் பிடித்தால் நடையும் மந்தம். குறி தப்பினால் அடுத்த குண்டுக்குள் எதிரி உன்னை முடித்துவிடுவான். 1999இல் நண்பரோடு சேர்ந்து அந்த கேமை உருவாக்கிய மின் லீயும் அப்போது உன்னைப்போல ஒரு பிள்ளைதான், கனடாவில் படித்துக்கொண்டிருந்த வியட்நாமியக் குடும்பத்துப் பிள்ளை.

இந்தக் கணக்கு உனக்குப் புதிதா? தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவைக் கேள். விரலால் கிள்ளினால் இரண்டு இலையும் மொட்டுமாக நல்ல கொழுந்து. ஆனால் நேரம் பிடிக்கும். கத்தரி பிடித்தால் கிலோ ஏறும்; முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து விழும், தரம் இறங்கும். பாரம் ஏற ஏறச் சரிவில் கால் தளரும். மழைக் கொழுந்து என்றால் நிறுவையில் தண்ணிக்குக் கழிப்பார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலிதான். கவ்வாத்து வெட்டிய மலையிலோ மாதக்கணக்கில் கொழுந்தே இல்லை, பிறகுதான் செடி தழைக்கும். வேகம், தரம், களைப்பு, காத்திருப்பு என்று ஒரு கேமுக்கு வேண்டிய அத்தனையும் உன் வீட்டுப் பேச்சிலேயே கிடக்கிறது!

அமெரிக்காவில் எரிக் பரோன் தனி ஆளாகச் செய்து 2016இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமைப் பார். மண்வெட்டியை ஓங்கும்போதெல்லாம் தெம்பு குறையும். பூவாளியை மேம்படுத்தக் கொல்லனிடம் கொடுத்தால் இரண்டு நாள் அது கையில் இருக்காது, பயிர் வளராமல் நிற்கும். மழை வரும் நாள் பார்த்துக் கொடுப்பவன்தான் கெட்டிக்காரன். வானம் பார்த்து வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்?

கேம் செய்ய உதவும் கோடோ மென்பொருள் முழுக்க இலவசம். அதற்கும் முன்னால் ஒரு கொப்பி போதும். கை, கத்தரி, கவ்வாத்துக் கத்தி மூன்றுக்கும் வேகம், தரம், களைப்பு என்று எண் போடு. கூட்டாளியிடம் விளையாடக் கொடு. அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே எடுத்தால் கணக்குப் பிழை. ஒரே ஒரு எண்ணை மாற்று, மறுபடி கொடு. சலிக்காமல் செய், சமநிலை உன் கைக்கு வரும்.

1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட நாளிலிருந்து இந்த மலையில் நிறுவையையும் பேரையும் கூலியையும் வேறு யாரோதான் தீர்மானித்தார்கள். உன் கேமில் விதியை எழுதப் போவது நீ. கொப்பியை எடு, இன்று ராவே முதல் எண்ணைப் போடு!