வாய்க்கால் வெட்டியவர்கள்

 

  

தேனியிலிருந்து கம்பம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் வீரபாண்டி, சின்னமனூர் தாண்டியதும் இருபுறமும் பார்க்கட்டும். நெல் வயல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல் என்று கண் குளிரும். இத்தனை செழிப்புக்கும் காரணமான தண்ணீரில் பெரும்பகுதி இந்தப் பக்கம் வரவேண்டிய தண்ணீரே அல்ல. பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்து கொண்டிருந்தது. 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்க வழியே அந்த நீர் கிழக்கே திருப்பப்பட்டது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நன்செய் அந்த நீரால் விளைகிறது. அணையைக் கட்டிய பென்னிகுயிக் என்ற ஆங்கிலப் பொறியாளரின் படத்தை இங்குள்ள உழவர் வீடுகளில் இன்றும் காணலாம். தைப் பொங்கலை அவர் பெயரைச் சொல்லியே கொண்டாடும் கிராமமும் உண்டு.

மழையைப் பொழிவது அல்லாஹ்வின் ரஹ்மத். அதை எந்த மனிதனும் உண்டாக்க முடியாது. ஆனால் பெய்த மழை வயலுக்கு வந்து சேர ஒருவன் வாய்க்கால் வெட்ட வேண்டியிருக்கிறது. நம் கையில் உள்ள செல்வமும் அப்படித்தான். கொடுத்தவன் அவன். ஒரு வாய்க்கால் வெட்டாவிட்டால் அது கலியாணப் பந்தலிலும் விருந்திலும் வீண் பெருமையிலும் ஓடிக் கடலில் கலந்துவிடும். வெட்டினால் ஓர் ஊரே விளையும்.

அத்தகைய ஒரு வாய்க்கால் நம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியை அறியாத குடும்பம் இங்கே இராது. 1956ஆம் ஆண்டு அது தோன்றியது. அந்தக் காலத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். தேனி அப்போது தனி மாவட்டமல்ல. மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடி. ரயில் போடியோடு நின்றுவிடும். உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் ரயிலே கிடையாது. பள்ளியிறுதி தேறிய பிள்ளைக்கு மேற்படிப்பு வேண்டுமென்றால் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மதுரைக்குப் போய், விடுதியில் தங்கி, சாப்பாட்டுச் செலவும் கட்ட வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை போனான். மற்றவன் கடைக்குப் போனான், வயலுக்குப் போனான், மலைத் தோட்டத்திற்குப் போனான். பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட நாளில் ஒரு பெருமகனார் தம் பொருளை ஒரு கல்லூரிக்குத் திருப்பினார். அவர் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். நம் கண்ணுக்குத் தெரிவது அதன் பலன் மட்டுமே. ஏறத்தாழ 70 ஆண்டுகளாக அந்தக் கல்லூரியின் வாசலில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் நுழைகிறார்கள். பாட்டன் படித்த வகுப்பில் பேத்தி படிக்கிறாள். ராவுத்தர் பெயரைத் தாங்கிய கல்லூரியில் படித்து ஆசிரியரானவர் எந்த மதத்தவராக இருந்தாலும், அவர் எழுதும் ஒவ்வோர் எழுத்திலும் அந்தக் கொடையாளருக்கு ஒரு பங்கு உண்டு என்று நாம் நம்பலாம் அல்லவா? மனிதன் இறந்ததும் அவனுடைய அமல்கள் முடிந்துவிடுகின்றன. மூன்று மட்டும் தொடர்கின்றன: நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, தனக்காக துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. இந்தக் கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ் நமக்குத் தெரிந்ததே. ஒரு நல்ல கல்விக்கூடத்தில் முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இங்கே என் சொந்த வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிறருக்குப் படிப்பினையாகட்டும் என்று சொல்கிறேன்.

வாலிப வயதில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமும் நோட்டும் கொடுக்க ஒரு புத்தக நிலையம் தொடங்கினோம். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை. முதல் வருடம் எங்கள் உற்சாகத்தைப் பார்த்து ஊரே மெச்சியது. கடைக்காரர்கள் தாமாகவே கூப்பிட்டுப் பணம் தந்தார்கள். அந்தப் பணம் எங்கே இருந்தது தெரியுமா? என் சட்டைப் பையில்! வரவும் செலவும் என் ஞாபகத்தில்! ஒரு பைசாவைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை; அல்லாஹ் சாட்சி. ஆனால் எழுதி வைக்கவும் இல்லை. இரண்டாம் வருடம் நோட்டீசில் யார் பெயர் முதலில் வருவது என்று ஒரு மனவருத்தம். அதைத் தொடர்ந்து கணக்கு எங்கே என்று ஒரு கேள்வி. கேட்டவர் மீது எனக்குக் கோபம் வந்ததே தவிர, கேள்வி நியாயமானது என்று தோன்றவில்லை. மூன்றாம் வருடம் அறை பூட்டிக் கிடந்தது.

பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் இருக்கும். ஒரு பையன் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். "புத்தகம் எப்ப பாய் குடுப்பீங்க?" என்று கேட்டான். "நாளைக்கு வா, தம்பி" என்றேன். அந்த நாளை வரவே இல்லை. சில வாரம் கழித்து, விடியற்காலையில் ஏலத்தோட்டத்திற்குக் கூலிக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் அவனைப் பார்த்தேன். புத்தகம் இல்லாததால்தான் அவன் படிப்பு நின்றது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கியாமத் நாளில் அவன் என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

சகோதரர்களே! நல்ல காரியத்தைத் தொடங்க ஆர்வம் போதும். அது நிலைக்க ஆர்வம் மட்டும் போதாது. இதை நமக்கு முன்பே கற்றுத் தந்தது நம் மார்க்கம்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட உயர்ந்த சொத்து தமக்கு வாய்த்ததில்லை என்று சொல்லி, என்ன செய்வது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அடிநிலத்தை அப்படியே நிறுத்திவைத்து, அதன் விளைச்சலைத் தர்மமாக்கிவிடும்படி வழி காட்டப்பட்டது. அந்த நிலத்தை விற்கக் கூடாது, யாருக்கும் அன்பளிப்பாகத் தரக் கூடாது, வாரிசுக்கும் போகாது. ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலானோருக்கு அதன் பலன் உரியது. நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம். தமக்கென்று பொருள் சேர்க்கக் கூடாது. இத்தனையும் எழுதி வைக்கப்பட்டது. தமக்குப் பின் பொறுப்பு யாருக்கு என்பதும் எழுதப்பட்டது. அந்தப் பொறுப்பைப் பெற்றவர் யார்? அவர்களுடைய மகளார், முஃமின்களின் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்கள்! பெண்ணுக்கு நிர்வாகம் தெரியாது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

இந்த ஒரு வரலாற்றில் ஒரு தர்ம ஸ்தாபனத்திற்கு வேண்டிய சட்டதிட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சொத்து தனி மனிதனுடையதல்ல. நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும். உழைப்பவருக்கு நியாயமான சம்பளம் உண்டு. எழுத்து உண்டு. அடுத்த பொறுப்பாளர் உண்டு. எங்கள் புத்தக நிலையத்தில் இவற்றில் எது இருந்தது?

பிற்காலத்தில் நம் கண் முன்னே வாழ்ந்தவர்களையும் பாருங்கள். குஜராத்தில் 1928இல் பிறந்து, பிரிவினையின்போது கராச்சிக்குப் போன அப்துல் ஸத்தார் ஈதி, 1951இல் அங்கே ஒரு சிறிய இலவச மருந்தகத்தைத் தொடங்கினார். தெருவில் நின்று பொதுமக்களிடம் கை ஏந்தினார். ஒரு பழைய வண்டியை ஆம்புலன்ஸ் ஆக்கினார். நர்ஸாக வந்து அவருக்கு மனைவியான பில்கீஸ் அம்மையார், கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் தாயானார். அடிபட்டுக் கிடப்பவன் எந்த மதம் என்று அந்த வண்டி கேட்டதில்லை. கோடிக்கணக்கான பணம் கைக்கு வந்தும் அவர் இரண்டு ஜோடி உடையோடு வாழ்ந்தார். 2016இல் அவர் மறைந்தார், வண்டிகள் நிற்கவில்லை.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி என்ற சகோதர சமயத்துப் பெரியவர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவரிடம் கட்டணம் வாங்கி, அந்த வருவாயில் முடியாதவருக்கு இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்வது என்று ஓர் ஒழுங்கை அமைத்தார். இன்று தேனியிலும் அதன் கிளை உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் அங்கே கண் தெளிந்து, மறுபடியும் குர்ஆனை எழுத்துக் கூட்டி ஓதினார்கள்! நல்லது எங்கிருந்தாலும் அதைக் கற்றுக்கொள்வது முஃமினுக்கு இழிவல்ல.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நிய்யத். கல்வெட்டில் பெயர் வருவதற்காகக் கொடுத்தால் கல்வெட்டோடு கூலி முடிந்துவிடும். பெயர் இருப்பது குற்றமல்ல. பெயருக்காகச் செய்வதே குற்றம்.

இரண்டாவது, கணக்கு. கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதிவைத்துச் சாட்சியும் வைக்கும்படி திருமறை கட்டளையிடுகிறது. பொதுப் பணத்திற்கு அது இன்னும் எவ்வளவு அவசியம்! சொசைட்டியாகவோ டிரஸ்டாகவோ முறைப்படி பதிவு செய்யுங்கள். பாங்கில் கணக்குத் தொடங்கி, இருவர் கையெழுத்தில் மட்டுமே பணம் எடுங்கள். வருடந்தோறும் ஆடிட்டரிடம் காட்டி, வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். கேட்கிறவரைப் பகைக்காதீர்கள், அவர் உங்களை ஹராமிலிருந்து காப்பாற்றுகிறார்.

மூன்றாவது, ஜகாத்தையும் ஸதகாவையும் கலக்காதீர்கள். ஜகாத்துக்குரிய எட்டு வகையினரைத் திருமறையே வகுத்துவிட்டது. கட்டடம் கட்ட அதைச் செலவிடுவதைப் பெரும்பாலான சட்ட மேதைகள் ஏற்கவில்லை. ஏழை மாணவனின் கையில் ஜகாத்தைக் கொடுங்கள். அவன் படிக்கும் அறைக்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி நோட்டுப் போடுங்கள். சந்தேகம் வந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள்.

நான்காவது, தொடங்கும் நாளிலேயே அடுத்தவரைத் தயார் செய்யுங்கள். நான் இல்லாவிட்டால் இது நடக்காது என்று ஒருவர் பெருமையாகச் சொல்லும் ஸ்தாபனம், அவருடைய ஜனாஸாவோடு சேர்ந்தே அடக்கமாகிவிடும்.

தாய்மார்களே! இது ஆண்களின் வேலை, பணக்காரர் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சோறு ஆக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, மாதக் கடைசியில் மதரஸாவுக்கு அனுப்பும் வழக்கம் நம் பாட்டிமார் நடத்திய ஸ்தாபனம் அல்லவா? எத்தனை ஹாபிழ்கள், எத்தனை ஆலிம்கள் அந்தப் பிடி அரிசியில் வளர்ந்தார்கள்! அரிசிக்குப் பதில் இன்று பத்து ரூபாயாக இருக்கட்டும். ஆனால் விடாமல் இருக்கட்டும். சிறிதானாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நாயக வாக்கின் கருத்து.

ஆகவே, இந்த வாரம் ஜும்ஆ முடிந்ததும் உங்கள் ஊரில் ஐந்து பேர் உட்காருங்கள். கல்லூரி கட்ட வேண்டாம். உங்கள் தெருவில் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை ஒன்று, மருந்து வாங்க முடியாத முதியவர் ஒருவர், யாருமற்ற விதவை ஒருவர்: இந்த மூன்று பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் ஐந்து பேரின் தொகையை எழுதுங்கள். முதல் பக்கத்திலேயே தேதி போடுங்கள். வாய்க்காலுக்கு முதல் மண்வெட்டி அதுதான்.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்காக நான் துஆச் செய்கிறேன். அவன் நின்ற கதவைப் போல் இன்னொரு கதவு நம் ஊரில் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பதே என் ஆசை.

யா அல்லாஹ்! எங்கள் பொருளில் பரக்கத்தையும், எங்கள் நிய்யத்தில் தூய்மையையும், எங்கள் கணக்கில் நேர்மையையும் தந்தருள்வாயாக! எங்களுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில் நன்மையின் வாய்க்கால் வெட்டிச் சென்றவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவாயாக! எங்களுக்குப் பின்னும் அது வற்றாமல் ஓட அருள்புரிவாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.